அத்தையின் கையெழுத்து

எழுதப் படிக்கத் தெரியாத மனிதனைத் தமிழில் 'தற்குறி' என்று வைகிறோம். இந்த வார்த்தை பிறந்த வரலாற்றை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். பழைய கல்வெட்டுக்களின் முடிவைப் பார்த்தால், ஊர்ச் சபையைச் சேர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, 'இது இன்னானுடைய எழுத்து' என்று ஒப்பமிட்டிருப்பார்கள். எழுத்தறியாதவன் தன் கையால் ஒரு குறியை மட்டும் இடுவான். பக்கத்திலிருக்கும் எழுத்தறிந்த கனவான், 'இது இவனிட்ட குறிதான்' என்று சாட்சி சொல்லுவார். தன்னுடைய குறி, தற்குறி. நாளடைவில் குறியின் பெயர் குறியிட்டவனுடைய தலைமேல் ஏறிக்கொண்டது. பாவம், அவன் நேர்மையாகத் தன் குறியை இட்டதைத் தவிர வேறு குற்றம் செய்ததாகத் தெரியவில்லை!

இக்காலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர்கள்கூட ஒருவகையில் தற்குறிகளாகி விட்டார்களோ என்று நமக்குச் சில காலமாகச் சந்தேகம் உண்டு. மசியும் பேனாவும் போய், பொத்தானை அமுக்கினால் அதுவே கையெழுத்து என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2000-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி கையொப்பமான ஒரு சட்டம், மின்சாரக் கையெழுத்துக்கு மசிக் கையெழுத்தின் அந்தஸ்தைக் கொடுத்தது. நமது தேசத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே வருஷம் அக்டோபர் 17-ந் தேதி அமலுக்கு வந்தது. இந்தச் சட்டங்களால் எத்தனையோ செளகரியங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்து என்பதன் கனம் குறைந்துவிட்டதா, இல்லையா என்பதை நமது அத்தையின் விசா விஷயத்தில் நேரில் பார்க்க நேர்ந்தது.

அத்தைக்கு வயது எழுபத்தொன்று. மாயவரத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரம் ஒரு சிறிய கிராமத்தில் வாசம். ஐந்தாம் வகுப்பு வரையில் படிப்பு. அத்தையின் ஒரே குமாரன் நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கிறான். கார்த்திகை மாதத்தில் மருமகளுக்குப் பிரசவம். அங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்து போட மனிதர் யாரும் இல்லை. ஆகவே அத்தை போயாக வேண்டும். விசா மனுவை இங்கே இருந்து முடித்துக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று.

அமெரிக்காவுக்குச் சிறிது காலம் போய்வர விரும்புகிறவர்கள் நிரப்பவேண்டிய பாரத்துக்கு டி.எஸ். 160 என்று பெயர். முழுவதும் கம்ப்யூட்டர் திரையில்தான். ஆரம்பத்திலேயே இரண்டு 'ஏ' எழுத்துக்களில் தொடங்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிஷம் சும்மா இருந்தால் பாரம் தானே மூடிக்கொள்ளும். வாசலுக்கு வந்த விருந்தாளியுடன் க்ஷேமம் விசாரித்து, ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், அந்த எண்ணையும், குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துக்களையும், பிறந்த வருஷத்தையும், ஒரு ரகசியக் கேள்விக்கு விடையையும் சொல்லித்தான் மறுபடி உள்ளே நுழையலாம். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் சேமித்துக்கொண்டு போவது நலம்.

முதல் சங்கடம் பெயரிலேயே ஏற்பட்டது. மேனாட்டார் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று வைத்துக்கொண்டு பாரத்தைத் தயாரித்திருக்கிறார்கள். தமிழர்களாகிய நமக்கோ தலைப்பெழுத்துத்தான் உண்டு. அந்த எழுத்தைத் தகப்பனார் பெயராகவோ கணவர் பெயராகவோ விரித்து பாஸ்போர்ட்டில் போட்டுவிட்டால், அங்கே அதுதான் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் மட்டும் இருந்துவிட்டாலோ, முதற்பெயர் என்னும் கட்டத்தில் 'எப்.என்.யூ.' என்று மூன்று எழுத்துக்களை இடவேண்டும். முதற்பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். இப்படிப் போன தமிழ் வாலிபர்களில் சிலரை அமெரிக்காவில் ஆபீஸ் கடிதங்களில் 'மிஸ்டர் எப்.என்.யூ.' என்றே அழைக்கிறார்களாம்!

அத்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் இடத்தில் காலஞ்சென்ற நமது மாமாவின் பெயர் இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அத்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் பேரை வாயால் சொல்லாமலே நாற்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினேன், தம்பி. இப்போது அமெரிக்காக்காரன் அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவானா?" என்று கேட்டார். கூப்பிடுவான் என்றோம். "சரி, அவர் பேராவது அங்கே போகட்டும்" என்றார்.

அதற்கடுத்தாற்போல் வந்த கட்டம் ஒன்றில் அத்தைக்கு மெத்த சந்தோஷம். மனுதாரரின் முழுப் பெயரையும் அவரவர் தாய்மொழி எழுத்தில் எழுதும்படி கேட்கிறார்கள். மற்ற எல்லா விடைகளும் இங்கிலீஷில்தான் இருக்கவேண்டும். இந்த ஒன்று மட்டும் சொந்த எழுத்தில். நாம் எழுத்துப் பலகையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தோம். அத்தை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, தம் பெயரைத் தாமே அடித்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பாரம் முழுவதிலும் அத்தை தம் கையால் நிரப்பிய கட்டம் அது ஒன்றுதான்.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரின் எதிரே நிற்கவேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்த படமாக இருக்கவேண்டும். நீளமும் அகலமும் சமமாக, 600 புள்ளிக்குக் குறையாமலும் 1,200 புள்ளிக்கு மேற்படாமலும், மொத்த எடை 240 கிலோபைட்டுக்குள் அடங்கியும் இருக்கவேண்டும். நமது டெலிபோனில் எடுத்த படமோ இதைப் போல் இருபது மடங்கு கனம்! அதைக் கத்தரித்து, அழுத்தி, சுருக்கி, பிறகு திரையில் ஏற்றினோம். 2016-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதியிலிருந்து மூக்குக் கண்ணாடியுடன் எடுத்த படம் செல்லாது. முப்பது வருஷமாகக் கண்ணாடியில்லாமல் அத்தையைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஏற்றிய படத்தைக் காட்டியபோது, "இது என் அம்மா அல்லவா?" என்றார்.

பிறகு கேள்விகள் வந்தன. ஐந்து வருஷத்துக்குள் எந்த எந்த தேசங்களுக்குப் போனீர்கள், எந்த எந்த பாஷை பேசுவீர்கள், ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்பதெல்லாம் போகட்டும். அதற்குப் பின்னால் பாதுகாப்பு என்னும் தலைப்பில் வருகிற கேள்விகள் இருக்கின்றனவே, அவற்றை ஒரு கிராமத்து அம்மாளிடம் கேட்பது லேசான காரியம் அல்ல. நீங்கள் அமெரிக்காவில் ஒற்று வேலை பார்க்க உத்தேசித்திருக்கிறீர்களா? பயங்கரவாதிகளுக்குப் பணம் கொடுத்ததுண்டா? இனப் படுகொலையில் பங்கு கொண்டதுண்டா? பிறருடைய உடலுறுப்புக்களைப் பலவந்தமாக எடுத்து மாற்றும் தொழிலில் சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போனால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊரிலுள்ள விசா ஏஜெண்டுகள் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்கு அறிமுகமான ஏஜெண்டு ஒருவரும் அன்றைய தினம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர், "அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஸார்! எல்லாம் 'நோ' தான். நான் தட்டிவிடுகிறேன்" என்று முன்வந்தார்.

அத்தை இணங்கவில்லை. "கேள்வியைத் தமிழில் சொல்லுங்கள். நான் பதில் சொன்ன பிறகு தட்டுங்கள்" என்றார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் நமக்குத் தெரியும். அத்தையைப் பெற்ற தாய், அதாவது நமது பாட்டி, எழுத்தறியாதவர். பாட்டனார் காலமான மறு வருஷம் பந்து ஒருவர் வந்து, வரிப் பாக்கிக்காக ஒரு காகிதம் என்று சொல்லி, பாட்டியின் இடது கைப் பெருவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துத்தான் அது வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நஞ்சையின் கிரயப் பத்திரம் என்று தெரிந்தது. பாட்டி அப்புறம் அந்த வயல் பக்கம் போனதே கிடையாது. பெண்ணை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது படிக்க வைத்தே தீருவேன் என்று ஊரார் சிரிக்கச் சிரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அதன் பிறகுதான். "படித்துப் பார்க்காததில் கை வைக்காதே" என்பது பாட்டி பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் என்று சொல்லலாம்.

ஆகவே, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னோம். அத்தை கேட்டுக்கொண்டு, "இல்லை" என்றார். படுகொலைக் கேள்விக்கு மட்டும், "சிவ சிவா! இப்படியும் ஒருவன் ஆமென்று எழுதுவானா?" என்றார். எழுதமாட்டான், ஆனால் பிற்பாடு அகப்பட்டுக்கொண்டால், பொய் சொல்லி விசா வாங்கினாய் என்று அவனை வெளியேற்றுவதற்கு இந்தக் கையெழுத்து உதவும் என்று விளக்கினோம். அத்தைக்கு இந்த யுக்தி மிகவும் பிடித்திருந்தது.

விஷயம் சிக்கலானது வேறொரு கேள்வியில்தான். பார்த்தால் சாதாரணக் கேள்வி. 'உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனு எப்போதாவது தாக்கல் செய்திருக்கிறார்களா?' என்று கேட்டிருந்தது.

செய்திருந்தார்கள். மாமா காலமான மறு வருஷம், 2017-ல், அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட குமாரன், தாயைத் தன்னுடனேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு மனுப் போட்டான். இருபத்தொரு வயதான பிரஜை தன் பெற்றோருக்காக அப்படி மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மனுப் போட்ட பிறகுதான் தாயாருக்குச் சொன்னான். "வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன்?" என்று அத்தை மறுத்துவிட்டார். அவனும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இப்போது அதை ஒப்புக்கொள்வதில் ஒரு கஷ்டம் இருந்தது. சிறிது காலத்துக்குப் போய்வர விசாக் கேட்கிற எவரையும், இவர் அங்கேயே தங்கிவிடக் கூடியவர் என்றே அந்த நாட்டுச் சட்டம் முதலில் கருதுகிறது. இல்லை, திரும்பி வந்துவிடுவேன் என்று அதிகாரியின் மனம் ஒப்பும்படி காட்டவேண்டியது மனுதாரரின் பாரம். ஏற்கனவே குடியேற்ற மனு ஒன்று இருந்தது என்றால் அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போட்டதாகாதா? ஏஜெண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாபஸ் வாங்கிய மனுதானே? 'நோ' என்று போட்டுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

நமக்கும் கார்த்திகை மாதத்துப் பிரசவம் மனக்கண் முன்னால் நின்றது. ஆனாலும் அவருடைய யோசனை அநியாயமானது மட்டுமல்ல, ஆபத்தானது என்பது நமது அபிப்பிராயம். மனுவைப் பெற்றவர்களும் அந்த சர்க்காரே. விசா கொடுக்கிறவர்களும் அந்த சர்க்காரே. முக்கியமான விஷயத்தில் வேண்டுமென்று பொய் சொன்னதாக ஏற்பட்டுவிட்டால், ஆயுள் முழுவதும் அந்த நாட்டில் கால் வைக்க முடியாதபடி தடை வரும். உள்ளதைச் சொல்லி மறுக்கப்பட்டவரோ, மறுபடியும் மனுச் செய்யலாம். இதையெல்லாம் அத்தைக்கு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தோம். அத்தை கையமர்த்தி விட்டார்.

"பிள்ளை மனுப் போட்டானா, இல்லையா? போட்டான். பின்னே 'போட்டான்' என்றே எழுது, தம்பி. ஏன் போட்டான், ஏன் வேண்டாமென்றேன் என்பதையும் எழுத இடமிருந்தால் எழுது."

இடம் இருந்தது. விளக்கம் எழுதுவதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு. அத்தை சொன்னதை நாலு வரி இங்கிலீஷில் எழுதி, அதைத் திரும்பவும் தமிழில் சொல்லி, சரிதான் என்று அவர் சொன்ன பிறகே அடுத்த பக்கம் போனோம். ஏஜெண்டு வேறு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தில்தான் கையெழுத்து. அங்கே முதலில் ஒரு கேள்வி இருக்கிறது: 'இந்த மனுவை நிரப்புவதில் யாரேனும் உமக்கு உதவி செய்தார்களா?' இதற்கும் பலர் கூசாமல் இல்லையென்று போடுகிறார்கள். நாம் நமது பெயரையும் விலாசத்தையும் உறவு முறையையும் எழுதினோம். கல்வெட்டுக் காலத்தில் தற்குறிக்குச் சாட்சி எழுதிய கனவானின் ஸ்தானம் நமக்குக் கிடைத்ததில் உள்ளூரச் சற்றுப் பெருமைதான். எழுத்தறியாதவர்களானாலும் பிறர் உதவி பெற்று மனுவை நிரப்பலாம் என்று விதிகள் சொல்லுகின்றன. ஆனால் கையெழுத்துப் பொத்தானை மட்டும் மனுதாரரே அமுக்க வேண்டும். எப்படி அமுக்குவது என்பதை மற்றவர்கள் சொல்லிக் கொடுக்கலாம். பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திடலாம். எழுபத்தொரு வயது அத்தைக்கு மருமகன் இடலாகாது. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளும் பெண்களும், "அம்மா, எல்லாம் முடிந்துவிட்டது, நீ பேசாமல் இரு" என்று தாங்களே பொத்தானை அமுக்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எண்ணமெல்லாம் நல்லதுதான். பாட்டியிடம் மையைக் கொண்டுவந்த பந்துவும் அன்று அவ்வளவு அன்பாகப் பேசினாராம்!

பாஸ்போர்ட் எண்ணை அடிக்கவேண்டும். கோணல்மாணலாகத் தெரியும் சில எழுத்துக்களைப் பார்த்து அப்படியே திருப்பி அடிக்கவேண்டும். இதில் எழுதியிருப்பவை யாவும் உண்மை, பொய்யானால் சட்டப்படி தண்டனைக்குட்படுவேன் என்று ஒரு நீண்ட வாசகம். அதையும் தமிழில் கேட்டுக்கொண்டார். பிறகு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, பொத்தானை அமுக்கினார். கணத்தில் திரை மாறியது. கண்ணாடியில்லாத அத்தையின் படமும் கோடுகோடான ஒரு முத்திரையும் உள்ள ஒரு பக்கம் வந்தது. அதை அச்செடுத்துக் கையில் கொடுத்தோம்.

அத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார்.

காகிதத்தில் எங்கும் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று சொன்னோம். அத்தைக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. நமது மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, அந்தக் கோடுகளுக்குக் கீழே காலியாயிருந்த இடத்தில், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த அதே குண்டு எழுத்தில், தமிழில் தம் பெயரை எழுதித் தேதியும் போட்டார். அப்படிச் செய்ய வேண்டுமென்று எந்த விதியிலும் இல்லை. செய்யக் கூடாது என்றும் நாம் சொல்லவில்லை.

கட்டணம் 185 டாலர். 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 160-லிருந்து உயர்த்தினார்கள். அதைக் கட்டி, நாள் குறித்து, சென்னையில் முதல் நாள் விரல் ரேகை கொடுப்பதற்காக அத்தையை அழைத்துப் போனோம். பத்து விரல்களையும் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொல்லுகிறார்கள். ஐம்பது வருஷம் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. அங்கிருந்த பெண் மிகவும் பொறுமையாக விரல்களைத் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி வைக்கச் சொன்னாள். நாலாவது தடவை பதிந்தது.

இந்த விரல் ரேகை சாஸ்திரமே நமது தேசத்தில் முளைத்ததுதான். 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் ஹெர்ஷல் என்னும் வெள்ளைக்கார அதிகாரி, சரளைக்கல் குத்தகைக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தக் காகிதத்தில் முழுக் கையின் சுவட்டையும் வாங்கினார். கையெழுத்தை மறுத்துப் பேசுகிற ஜனங்கள் கைச்சுவட்டை மறுக்க முடியாது என்பது அவர் எண்ணம். 1897-ல் கல்கத்தாவில் ரேகைகளுக்கென்றே ஒரு காரியாலயம் ஏற்பட்டது. ரேகைகளை வகை பிரிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவர்கள் அங்கே வேலை பார்த்த அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்கள். பெயர் என்னவோ மேலதிகாரியான ஹென்றிக்குப் போயிற்று!

டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகையும் பதிந்து சீட்டு வாங்கவேண்டும் என்று 1906-ல் சட்டம் கொண்டு வந்ததை எதிர்த்துத்தான் காந்திஜி சத்தியாக்கிரகம் என்னும் ஆயுதத்தை முதல் முதலில் கையில் எடுத்தார். ஏராளமான தமிழர்கள் அதில் சிறை புகுந்தார்கள். 1908 ஆகஸ்டு 16-ந் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் 2,000-க்கு மேற்பட்ட சீட்டுக்கள் ஒரு பெரிய கொப்பரையில் எரிந்தன. நடுவில் ஒரு சமயம் காந்திஜி தாமே விரல் ரேகை கொடுக்க இசைந்ததுண்டு. பலவந்தத்துக்குப் பணிந்து கொடுப்பது வேறு, மனமொப்பிக் கொடுப்பது வேறு என்பது அவருடைய வாதம். இதை அத்தையிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தோம். "நான் பேரனைப் பார்க்க ஆசைப்பட்டுக் கொடுத்தேன். எனக்கென்ன வெட்கம்?" என்று கேட்டார்.

மறுநாள் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கருகில் உள்ள தூதரகத்தில் பேட்டி. நம்மை உள்ளே விடமாட்டார்கள். வெளியே மர நிழலில் இரண்டு மணி நேரம் நின்றோம். அத்தை வந்து சொன்ன விவரம் இது: தமிழிலேயே கேட்டார்களாம். குமாரன் போட்ட மனுவைப் பற்றித்தான் முதல் கேள்வி. "அவன் கூப்பிட்டது நிஜம். நான் வரமாட்டேன் என்றதும் நிஜம். குழந்தை தலை நிற்கிற வரையில் இருந்துவிட்டு வந்துவிடுவேன். சித்திரையில் மாமரம் காய்க்கும். பறிக்க ஆள் வேண்டாமா?" என்றாராம். எத்தனை மரம் என்று அந்த அதிகாரி கேட்டாராம். மூன்று என்றாராம்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அச்செடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சில நாளில் பாஸ்போர்ட் விசாவுடன் வந்து சேர்ந்தது. அத்தை ஐப்பசி மாதக் கடைசியில் விமானம் ஏறினார். புறப்படுமுன் தாம் கையெழுத்திட்ட அந்தத் தாளை நாலாக மடித்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை நம்மிடம் கொடுத்தார். மாங்காய் விஷயமாகவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.